இலை வெளுக்க வேண்டிக்கொண்ட எட்டு நாள்

சென்ற மாதம் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். படித்தவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு பழைய ஆள் ஒருவர் வந்தால் தூக்கம் கலையும் என்று நினைத்திருப்பார்கள். பேச்சின் நடுவில் ஒரு பெண் எழுந்து, ஒரு செடிக்குள் புது ஜீன் இருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். அவர்கள் இப்போது இலையில் மிளகளவு கிள்ளி மெஷினில் வைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் பதில் வந்துவிடுகிறது. எங்களுக்கு எட்டு நாள் ஆகும் என்றேன். அரங்கமே சிரித்தது. அப்படி ஓர் எட்டு நாளில் என் மகளின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே எனக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். பெயர் முனிரத்தினம். அப்பா சுரங்கத்தில் பூமிக்குக் கீழே வேலை பார்த்தார். நான் மேலே, தங்கத்தைப் பரிசோதிக்கும் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். கீழே ஒவ்வொரு லெவலிலும் உடைத்த கல் சின்னச் சின்னத் துணிப் பைகளில் எங்களிடம் வரும். ஒவ்வொரு பையிலும் எண் போட்ட தகர வில்லை கட்டியிருக்கும். கல்லைப் பொடித்து, உருக்கி, அதில் எவ்வளவு தங்கம் என்று நிறுத்துச் சொல்வோம். வில்லை மாறினால் தங்கம் இல்லாத பாறையை ஒரு மாதம் குடைந்துகொண்டிருப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் கையில் ஒரு வில்லை மாறியதில்லை. இதை நான் கல்யாண வீடுகளில் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் சுரங்கத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். நானும் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். அப்போது ஊருக்கு வெளியே, சயனைடு மேடுகளுக்கு அந்தப் பக்கம், ஒரு விதை ஆராய்ச்சி நிலையம் நிலம் எடுத்து இரட்டை வேலி போட்டுக்கொண்டிருந்தது. கோலார் பக்கம் எங்கே திரும்பினாலும் தக்காளிக் கொல்லை. எங்கள் ஊரைச் சுற்றி மட்டும் சயனைடு ஊற்றித் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலை மலையாக நிற்கும். பக்கத்தில் தக்காளி கிடையாது. சோதனைச் செடியின் மகரந்தம் பிறத்தியார் கொல்லைக்குப் போய்விடக்கூடாது என்பதால் அப்படி ஓர் இடம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எதுவும் விளையாத ஊர் என்பதற்காக எங்களுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

கள உதவியாளர் வேலைக்குப் போனேன். லேபிள் எழுதத் தெரியுமா என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதப் பயிற்சி முடிந்து, ஜீன் என்ற சொல்லைத் தடுமாறாமல் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்களுக்கு மேலதிகாரி டாக்டர் வசுந்தரா. தார்வாட் பக்கத்துக்காரர். நாற்பதை ஒட்டிய வயது. பருத்திப் புடவை, கான்வாஸ் ஷூ, காதில் செருகிய பேனா. யாரையும் திட்ட மாட்டார். யார் என்ன சாக்கு சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆமேலே?" என்பார். கன்னடத்தில், அப்புறம் என்று அர்த்தம். அதற்குமேல் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். சுரங்கத்தில் என் பழைய துரைமார் வாய் நிறையத் திட்டுவார்கள். வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடலாம். இந்த அம்மாவின் ஆமேலேவுக்குப் பிறகு டீ இறங்காது.

வேலிக்குள் யாரும் எதுவும் தின்னக்கூடாது. டாக்டரே தயிர்சாத டப்பாவை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். உள்ளே போகும்போது செருப்பை மாற்ற வேண்டும். வெளியே வரும்போது பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். காவலாளியும் சுரங்கத்தில் இருந்து வந்தவர்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் தங்கம் தேடிப் பழகிய கை. ஒரு தக்காளி விதைக்காக என் காதுமடலைப் புரட்டிப் பார்த்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

உள்ளே நாங்கள் வளர்த்தது, பழுத்த பிறகும் சீக்கிரம் குழையாத தக்காளி. கோலாரில் ஏற்றிய தக்காளி மெட்ராஸ் போய்ச் சேரும்போது கூடையின் அடியில் பாதி ரசமாகியிருக்கும். பழத்தைக் குழைய வைக்கிற ஜீனை அமுக்கிவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்பது டாக்டரின் கணக்கு. அந்தத் தக்காளிக்காக மூன்று வருஷம் பெங்களூரில் கண்ணாடிக் குப்பிகளுக்குள் பாடுபட்டு, இப்போதுதான் மண்ணில் நடும் அனுமதி வாங்கியிருந்தார்.

இரண்டு குழித்தட்டுகளில் நாற்று விட்டோம். ஜீன் மாற்றிய விதை போட்ட தட்டுக்குச் சிவப்பு லேபிள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரணத் தக்காளிக்கு நீல லேபிள். நட்டது போக மிஞ்சும் நாற்று சிவப்போ நீலமோ, ஒன்று விடாமல் எரிகுழியில் போட்டுக் கொளுத்தி, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். இதுதான் விதி.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் கலைச்செல்விக்கு ஆண்டர்சன்பேட்டையில் வரன் அமைந்தது. பையன் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் டர்னர். பையனின் அப்பா ஏழுமலை சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர். ஆட்களை ஏற்றிய கேஜைப் பூமிக்குள் இறக்குவதும் மேலே தூக்குவதும் அவர் வேலை. கணக்கான மனிதர், கொஞ்சம் விறைப்பானவர். அவர் மனைவி கன்னியம்மா நேர் எதிர். வாசலில் தகர டின்களில் கத்தரி, மிளகாய் என்று வைத்துக்கொண்டு, அவற்றோடு பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார். நிச்சயத்தன்று, நீங்கள் கொல்லையிலேயே வேலை செய்கிறவராச்சே, நல்ல தக்காளி நாற்று ஒன்று கொண்டுவந்து கொடுங்களேன் என்று கேட்டார். சம்பந்தியம்மா கேட்ட முதல் பொருள். முடியாது என்று என் வாய் சொல்லவில்லை.

மிஞ்சிய நாற்றைக் கொளுத்தும் நாள் வந்தது. சிவப்புத் தட்டைக் குழியில் கவிழ்த்தேன். நீலத் தட்டைக் கையில் எடுத்தேன். கணுக்கணுவாக, திடமாக, கண்ணாடிபோல் பளபளவென்ற நாற்றுகள். இது சந்தையில் விற்கிற அதே தக்காளிதானே, இதில் ரகசியம் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடினேன். நீதிபதியும் நானே ஆனதால் வழக்கு சீக்கிரம் முடிந்தது. மூன்று நாற்றை வேரோடு எடுத்து ஈரத்துணியில் சுற்றிக் குடைக்குள் செருகிக்கொண்டேன். காவலாளி என் காதைப் பார்த்தார். குடையைப் பார்க்கவில்லை. பிற்பாடு அங்கே குடையையும் விரித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி வந்தது. அதற்கு மூலகர்த்தா நான்தான்.

ஒரு நாற்று என் வீட்டுக்கு. ஒன்று கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த நாராயணப்பாவுக்கு. மூன்றாவது கன்னியம்மாவுக்கு. பதிவேட்டில், எல்லாம் எரிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது கை நடுங்கியதாகச் சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை.

இலைச் சோதனை நடவு முடிந்ததும் செய்ய வேண்டியது. பெங்களூரிலிருந்து மருந்து வரத் தாமதமாகி, ஐந்து வாரம் கழித்துத்தான் செய்தோம். செடிக்குள் புது ஜீனைச் செலுத்தும்போது, கனமைசின் என்ற மருந்தைத் தாங்கும் ஜீன் ஒன்றையும் அடையாளத்துக்காகக் கூடச் சேர்த்திருப்பார்கள். கனமைசின் தூளைத் தண்ணீரில் கரைத்து, இலையில் ஒட்டுவதற்கு ஒரு சொட்டு சோப்பு விட்டு, விடிகாலையில் இளம் இலையின் மேல் பிரஷ்ஷால் தடவ வேண்டும். தடவிய இலையின் காம்பில் நூல் கட்ட வேண்டும். மூன்று நாள் தடவிவிட்டுப் பிறகு காத்திருக்க வேண்டும். சாதாரணச் செடி என்றால் எட்டாம் நாளுக்குள் இலை திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். ஜீன் இருக்கிற செடிக்கு ஒன்றும் ஆகாது, பச்சையாகவே இருக்கும்.

எட்டாம் நாள் காலை, ஒரு திங்கட்கிழமை, டாக்டரும் நானும் வரிசையில் இறங்கினோம். சிவப்பு லேபிள் வரிசையில் முதல் செடி வெளுத்திருந்தது. இரண்டாவதும் வெளுத்திருந்தது. கடைசிவரை ஒரே வெளுப்பு. டாக்டர் நீல வரிசைக்குப் போனார். அங்கே நான்குக்கு மூன்று செடி மஞ்சள் காமாலைக்காரன் பக்கத்தில் நிற்கிற பயில்வான்போலப் பச்சையாக நின்றன.

"லேபிள் மாறியிருக்கு," என்றார்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நாற்றங்காலில் லேபிள் குச்சிகளில் சேறு தெறித்திருந்தது. சேறு பிடித்த லேபிள் என் கண்ணுக்கு ஆகாது. இரண்டையும் பிடுங்கி வாளியில் கழுவி, துடைத்து, திரும்பச் செருகினேன். செருகும்போது காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு என்ன தெரியுமா? இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வில்லை மாறியதில்லை என்பதுதான்.

டாக்டர் பெருமூச்சு விட்டு, நல்லவேளை, இரண்டு வரிசையும் வேலிக்குள்தானே இருக்கிறது, பதிவைத் திருத்திக்கொள்ளலாம், வெளியே ஒன்றும் போகவில்லை என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். குடைக்குள் போன மூன்று நாற்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கல்யாணத்துக்கு நாலு வாரம் இருந்தது. வேலை போய்விட்டால் சபையில் எப்படி நிற்பது என்ற நினைப்பு வந்தது. இன்னொரு நினைப்பும் வந்தது. அந்த அம்மா கேட்டுக்கு வெளியே கல்லின் மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிற நினைப்பு. தானே போட்ட விதிக்காகத் தினமும் வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவரை ஏமாற்றுவது கஷ்டமாக இருந்தது. தொட்டிக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு, குடை முதல் கன்னியம்மா வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் குழாயை மூடினார். ஆமேலே என்று கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"மூணு பேர் பேரையும் எழுதுங்க," என்றார். "இப்பவே போகலாம்."

நிலையத்து ஜீப்பில் புறப்பட்டோம். முதலில் நாராயணப்பா கடை. அவர் நாற்றை நட்ட மூன்றாம் நாளே ஆடு மேய்ந்துவிட்டதாம். டாக்டர் நோட்டை எடுத்து, பூப் பூத்திருந்ததா, காய் இருந்ததா, ஆடு இப்போது எங்கே என்று கேட்டார். பூ இல்லை, காய் இல்லை, ஆடு போன பண்டிகையில் பிரியாணியாகிவிட்டது என்று நாராயணப்பா தெலுங்கும் கன்னடமும் கலந்து சொன்னார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு என் வீடு. என் மனைவி துவையலுக்கு நாள் பார்த்துவைத்திருந்த செடியை, ஏன் என்று சொல்லாமலே பிடுங்கிச் சாக்கில் போட்டேன். அன்றைக்கு வாங்கிய திட்டை இன்னொரு கட்டுரையாகவே எழுதலாம்; எழுத மாட்டேன்.

ஆண்டர்சன்பேட்டைக்குப் போய் ஜீப் நின்றதும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. கன்னியம்மாவின் வாசலில், மண்ணெண்ணெய் டின்னில், மூங்கில் குச்சியில் சேலைக் கிழிசலால் கட்டி, என் தக்காளிச் செடி இடுப்புயரம் நின்றது. கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். டின்னுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். மருமகள் வருகிற நேரம் செடி இப்படி வந்திருக்கிறது என்று லைன் முழுக்கக் காட்டியிருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"பொண்ணு வூட்லேர்ந்து வந்த செடி," என்றார். "காய் புடிச்சி நிக்கிறப்போ நீங்களே வந்து புடுங்கினு போனா, ஊரு இன்னா பேசும் சம்பந்தி? நாளிக்குப் பொண்ணையும் அப்பிடித்தான் இட்டுனு பூடுவீங்களா?"

லேபிள் மாறிய கதையை மறுபடி சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"நான் முப்பத்தஞ்சு வருஷம் கேஜ் எறக்கினவன். ஒரு தபா கூட லெவல் மாத்தி நிறுத்தல. நீங்க ரெண்டு குச்சிய மாத்தாம நட முடிலியா?"

செடியைத் தொட விடமாட்டேன், அப்படித் தொடுவதென்றால் பத்திரிகை அடிப்பதை நிறுத்திவைத்துப் பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்றுவிட்டார்.

டாக்டருக்கு அன்றே பிடுங்க வேண்டும். ஆனால் அடுத்தவர் வீட்டு வாசலில் கைவைக்க முடியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். மாற்றிய விதையிலும் நான்கில் ஒன்றுக்குப் புது ஜீன் இறங்கியிருக்காது. இந்தச் செடி அந்த நான்கில் ஒன்றாகவும் இருக்கலாம். இலையில் மருந்து தடவுகிறேன். எட்டு நாளில் வெளுத்தால் செடி உங்களுக்கு. பச்சையாக இருந்தால் எனக்கு. அதுவரை வலை கட்டியிருக்க வேண்டும், ஒரு காய் பறிக்கக்கூடாது. எட்டு நாள்தானே என்று ஏழுமலை தலையசைத்தார். காய் முற்ற இன்னும் நாள் இருந்ததால்தான் டாக்டருக்கு அந்தத் துணிச்சல்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் கொசுவலை வாங்கிவந்து, செடிக்கு நான்கு பக்கமும் குச்சி நட்டுக் கட்டினோம். மஞ்சள் குங்குமத்தோடு வலைக்குள் நின்ற செடியைப் பார்க்க லைனே வந்தது. வயசுக்கு வந்த பெண்ணைக் குடிசையில் உட்கார வைத்ததுபோல இருக்கிறதே, தலைக்கு ஊற்றுவது என்றைக்கு என்று ஒரு கிழவர் என்னைக் கேட்டார். தாய்மாமன் யார் என்று இன்னொருவர் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நூல் கட்டினேன்.

அந்த எட்டு நாளும் ஒரே செடியின் முன்னால் இரண்டு விதமான வேண்டுதல் நடந்தது. கன்னியம்மாவுக்கு இலை வெளுத்தால் செடி மிஞ்சும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. இலை வெளுப்பது அபசகுனம், செடி பச்சையாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கற்பூரம் காட்டினார். நான் மாரிகுப்பத்தில் என் வீட்டுப் பக்கத்துக் கோயிலில், அம்மா தாயே, அந்த இலையை வெளுக்க வை என்று விழுந்து கும்பிட்டேன். தங்கவயலில் அந்த அம்மனிடம் என்னென்னவோ கேட்டிருப்பார்கள். இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டாக்டர் தினமும் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுவார். என்னைத் தனியாக அனுப்பவில்லை. அது ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. கன்னியம்மாவுக்குக் கன்னடம் நன்றாக வரும். முதல் நாள் மணை போட்டார். இரண்டாம் நாள் மோர் கொடுத்தார். ஐந்தாம் நாள் நான் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டு நிற்க, இரண்டு பேரும் தார்வாட் பேடா என்கிற பால் இனிப்பைப் பற்றியும் பச்சைமிளகாய்ச் செடிக்கு வரும் சுருட்டை நோயைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். சுருட்டைக்கு டாக்டர் சொன்ன வைத்தியத்தை ஏழுமலை நாற்காலியில் இருந்தபடியே, கேட்காததுபோலக் கேட்டுக்கொண்டார்.

ஆறாம் நாள் கன்னியம்மா தமிழிலேயே நேராகக் கேட்டார்.

"இத்தத் தின்னா இன்னா ஆவும், மேடம்?"

"ஒண்ணும் ஆகாதுன்னு நான் நினைக்கிறேன்," என்றார் டாக்டர். "ஆனா நான் நினைக்கிறது போதாது. சோதிச்சுப் பார்த்து, பத்துப் பேர் ஒத்துக்கணும். அதுவரைக்கும் இது யார் வீட்டுலயும் இருக்கக்கூடாது. அதுக்குத்தான் வேலி."

"நீங்க செஞ்ச செடிதான? ஒங்களுக்கே நம்பிக்க இல்லியா?"

"நம்பிக்கை இருக்கு. அதனாலதான் அவசரப்படல."

அன்று மாலை கன்னியம்மா கற்பூரம் காட்டவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

எட்டாம் நாள். ஏழுமலை சட்டை போட்டுக்கொண்டு நின்றார். லைன்காரர்கள் வேலைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டார்கள். டாக்டர் வலையை அவிழ்த்து, மண்டியிட்டு, நூல் கட்டிய இலையை உள்ளங்கையில் ஏந்தி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். லென்ஸ் எதற்கு, எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. வெற்றிலைபோலப் பச்சை.

"ஜீன் இருக்கு," என்றார் மெல்ல.

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாக்குக் கொடுத்த மனிதர், மறுக்க மாட்டார். ஆனால் என் கை அந்தச் செடியில் பட்ட பிறகு என் மகள் அந்த வாசலில் எப்படிக் கால் வைப்பாள்? அப்போது கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பொண்ணு வூட்டுக்காரங்க புடுங்கினாதான குத்தம்? நான் நட்டது. நானே எடுக்கறேன்," என்றார்.

"இன்னாத்துக்கு அவசரம்?" என்றார் ஏழுமலை.

"நீ கம்முனு இரு. ஒண்ணத் தப்பா எடுத்தாந்துட்டேன்னு சம்பந்தி நாலு பெரிய மனுசங்க எதிர்ல வந்து நின்னு சொல்றாரு. ஒத்துக்காம மறைக்கிறவன் வூட்லதான் பொண்ணு எடுக்கக்கூடாது."

டின்னைச் சாய்த்து, வேர் அறாமல், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்து டாக்டரின் சாக்கில் வைத்தார். இருபத்திரண்டு வருஷம் வில்லை மாறாததற்கு யாரும் எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் காய்களை எண்ணினார். ஒன்பது. பிறகு கொத்துகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, காம்புக் கணுவில் இரண்டு இடத்தில் விரலை வைத்தார். அங்கே காய் இருந்து பறித்த அடையாளம் இருந்தது.

"இன்னும் ரெண்டு எங்கே?"

கன்னியம்மா யோசித்தார். "வல கட்றதுக்கு மொத நாளு, ஞாயித்துக்கெழம. பத்திரிக வாசகம் எழுத சம்பந்தி வந்தாரே. வூட்ல காய் ஒண்ணும் இல்ல. ரெண்டு பச்சக்காயப் பறிச்சி பருப்புல போட்டேன்."

அந்தப் பருப்பு என் நினைவுக்கு வந்தது. புளிப்பு நாக்கிலேயே நிற்கிறது என்று புகழ்ந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஆமேலே?" என்றார்.

நிலையத்துக்குத் திரும்பி எரிகுழியில் செடியைப் போட்டோம். டாக்டர் அறிக்கை எழுதினார். என் ராஜினாமாக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதைப் படிக்காமல் மைக்கூட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, எழுதியதைத் தமிழில் எனக்குச் சொன்னார். முதல் வரி, மேற்பார்வைத் தவறு என்னுடையது என்பது. இரண்டாவதாக என் தவறு. குடை, ஆடு, கொசுவலை எல்லாம் வரிசையாக. இரண்டு காய் சமைத்து உண்ணப்பட்டது, விதை முற்றாத காய், உண்டவர் நால்வர். எதிலாவது பொய் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுங்கள் என்றார். என் தவறை மட்டும் எழுதியிருந்தாலே போதும், உங்கள் பெயர் எதற்கு என்றேன். பதிவேட்டில் நீங்கள் போட்ட பொய்க் கையெழுத்துக்குக் கீழே எண்ணிப் பார்க்காமல் போட்ட கையெழுத்து என்னுடையது என்றார்.

மூன்று வாரத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்தப் பருவத்துச் சோதனை முழுக்க ரத்து. வேலிக்குள் இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டும். வரிசைகளில் அப்போதுதான் செங்காய் பிடித்திருந்தது. சிவப்பு, நீலம் என்று பார்க்காமல் எல்லாச் செடியையும் பிடுங்கிக் குழியில் அடுக்கினோம். டாக்டர் ஒரே ஒரு பழத்தைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். எவ்வளவு கெட்டியாக இருந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டு, அதையும் குழியில் போட்டார். எனக்கு அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீக்குச்சியை அவரே உரசினார்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வருஷம் லேபிளைத் தொட விடவில்லை, அவ்வளவுதான். லேபிளைக் கம்பியால் தட்டோடு முறுக்க வேண்டும், இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று புது விதி வந்தது. மறு வருஷம் மறுபடி அனுமதி கிடைத்து நட்டோம். பழம் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் விளைச்சல் குறைவு. அதற்குள் கெட்டித் தோல் உள்ள கலப்பின ரகங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. எங்கள் தக்காளி கடைசிவரை யார் கூடைக்கும் போகவில்லை. சுரங்கத்தை மூடிய வருஷத்தில் நிலையமும் பெங்களூருக்கு இடம் மாறியது. நானும் கூடவே போய், ஓய்வு பெறும்வரை டாக்டர் வசுந்தராவிடமே இருந்தேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. டாக்டர் வந்திருந்தார். கன்னியம்மா அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பந்தியில் டாக்டர் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து நோட்டை எடுத்தார். காய் உண்ட நால்வரின் உடம்பையும் ஆறு மாதம் கவனித்து எழுத வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டிருந்தார். அதன்படி மணமேடைக்குப் பின்னால் வைத்து என்னையும் ஏழுமலையையும் மாப்பிள்ளையையும் வயிறு சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். பட்டுவேட்டி கட்டிய மாப்பிள்ளை, சரியாகத்தான் இருக்கிறது மேடம் என்று கைகட்டிப் பதில் சொன்னார்.

அதன் பிறகு மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் ஆண்டர்சன்பேட்டைக்குப் போவோம். நால்வருக்கும் நல்ல சுகம் என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டு வருவோம். மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ, ஜீப்பிலிருந்து இறங்கும்போதே உள்ளே யாரோ ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

"யாருக்கு வாந்தி? எத்தனை நாளா?" என்றார்.

மருமகளுக்குத்தான், நாலு நாளாக என்றார் கன்னியம்மா. டாக்டர் நோட்டைப் பிரித்தார். மருமகள் அந்தப் பருப்பைச் சாப்பிடவே இல்லையே, அப்போது அவள் இந்த வீட்டுக்கு வரக்கூட இல்லையே, வேறு என்ன தின்றாள், காய்ச்சல் உண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். கன்னியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஏழுமலை நாற்காலியை வாசலுக்கு வெளியே எடுத்துப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. என் மகள் ஈர முகத்தோடு எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவைக் கண்டதும் வெட்கப்பட்டு உள்ளே போனாள். எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டருக்கு இன்னும் புரியவில்லை.

"இதுக்கு மருந்து வாணாம், மேடம்," என்றார் கன்னியம்மா. "பத்தாம் மாசம் தானா சரியாய்டும்."

டாக்டர் என்னைப் பார்த்தார், கன்னியம்மாவைப் பார்த்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதிலிருந்து பேனாவை எடுத்து, நால்வர் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நபருக்கு வாந்தி, காரணம் தெரியும், தக்காளிக்குச் சம்பந்தமில்லை என்றிருந்தது. இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பேனாவை வாங்கி நானும் போட்டேன்.